திருப்பூர் கம்பெனி ஒன்றுக்கு விலை கணித்த அனுபவம்

எங்கள் நிறுவனம் 2023இல் திருப்பூரில் ஒரு குடும்பத்தார் நடத்திவந்த பின்னலாடை ஏற்றுமதி கம்பெனியின் பங்குகள் முழுவதையும் வாங்க முன்வந்தபோது, அதற்கு விலை கணிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. வருங்காலப் பணவரவை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும் டிசிஎஃப் கணக்கையும் போட்டோம். வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கப் பயன்படும் தள்ளுபடி விகிதத்தை ஒரு சதவீதம் கூட்டினாலோ குறைத்தாலோ விடை கோடிக்கணக்கில் மாறியதால், அதைச் சரிபார்ப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபமாகிய எபிட்டாவின் ஆறு மடங்கை விலைக்கு அடிப்படையாக இரு தரப்பும் ஏற்றுக்கொண்டோம்.

அந்த லாபம் உண்மையில் எவ்வளவு என்று கண்டறிவதில்தான் உழைப்பின் பெரும்பகுதி போனது. தையல் பிரிவு இயங்கிய கட்டடம் உரிமையாளரின் மனைவி பெயரில் இருந்தது. பேரேட்டில் அதற்கு மாத வாடகை ஒரு லட்சம். அதே சாலையில் அதே அளவுக் கட்டடத்துக்கு ஆறு லட்சம் கேட்டார்கள். ஆண்டுக்கு 60 லட்சம் வித்தியாசம் என்றால், ஆறு மடங்கில் விலை 3.6 கோடி குறைகிறது. தந்தையும் இரு மகன்களும் பெயரளவுக்கே சம்பளம் எடுத்திருந்தார்கள். அவர்கள் விலகியபின் நாங்கள் நியமிக்க வேண்டிய மேலாளர்களின் சம்பளத்தையும் கழித்தோம். அதேபோல, கம்பெனிக் கணக்கில் ஏறியிருந்த குடும்பக் கார்களின் செலவை லாபத்தோடு திரும்பச் சேர்த்தோம். விற்பவருக்குச் சாதகமானதை வாங்குபவரே எடுத்துச் சொல்வது அவசியம் என்பது என் உறுதியான கருத்து. அதன்பிறகே அவர்கள் வாடகைக் கணக்கை ஒப்புக்கொண்டார்கள்.

அப்படி வந்த விலையிலிருந்து, வங்கிக் கடனோடு, ஒதுக்கீடே செய்யப்படாத கிராஜுவிட்டி என்னும் பணிக்கொடையையும் கடனாகவே கழித்தோம். ஐந்தாண்டு முடித்தவருக்குப் பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் என்பதால், பழைய தொழிலாளர்கள் நிறைந்த ஆலையில் அது சிறு தொகையன்று. பங்கின் நியாயமான சந்தை மதிப்பைக் கணிக்கும் அப்போதைய வருமான வரி விதி 11யுஏ தரும் மதிப்புக்குக் கீழே பங்கை வாங்கினால் இரு தரப்புக்கும் வரி வரக்கூடும் என்பதால், கம்பெனி பெயரிலிருந்த நிலத்தை அரசின் வழிகாட்டி மதிப்பில் வைத்து அதையும் சரிபார்த்தோம்.

கடைசி இழுபறி கிடங்கில் நடந்தது. ரத்தான ஆர்டரின் டி-ஷர்ட்டுகள் பெட்டி பெட்டியாக அடக்க விலையில் கணக்கேறியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு நிறுவனத்தின் லேபிள் தைக்கப்பட்டிருந்ததால், அதை வெட்டியெடுக்காமல் வேறு யாருக்கும் விற்க முடியாது. உள்ளூர் வியாபாரிகள் மொத்த லாட்டுக்குக் கேட்கும் விலையில் அந்தச் சரக்கை எடுத்துக்கொள்வது என்றும், கைமாறும் நாளில், அன்றாடத் தொழிலை நடத்தத் தேவைப்படும் நடைமுறை மூலதனம் பேசிய அளவுக்குக் குறைந்தால் அந்தத் தொகையை விலையில் கழிப்பது என்றும் எழுதிக் கையெழுத்திட்டோம்.