கேட்டால் ஒரு கணக்கு, எண்ணினால் ஒரு கணக்கு

மதத்தைக் கல்விப்புலத்தில் ஆராய்கிறவர்களிடம் புதியவர்கள் முதலில் கேட்பது, "உங்களுக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா?" என்பதுதான். ஆய்வுக்கு அந்தப் பதில் தேவைப்படுவதில்லை. 1967-இல் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் சமயவியலுக்கெனத் தனித் துறை தொடங்கியபோது அதற்குத் தலைமையேற்ற நினியன் ஸ்மார்ட் வலியுறுத்திய முறை எளிமையானது: ஒரு கோட்பாடு உண்மையா பொய்யா என்ற தீர்ப்பை ஒத்திவை, மனிதர்கள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்று பார். சொல்லும்போது இது பெரிய தத்துவச் சிக்கலாகத் தெரியும். வேலையில் இறங்கியவர்களுக்கு இது ஒரு வாரத்தில் பழகிவிடும். பழகாமல் கடைசிவரை தொல்லை கொடுப்பது எண்ணிக்கைதான்.

2011-ஆம் ஆண்டு இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதமில்லை என்றவர்கள் 25.1 சதவீதம். ஏறத்தாழ அதே காலத்தில் நடந்த பிரிட்டிஷ் சமூக மனப்பான்மை ஆய்வில் அது கிட்டத்தட்டப் பாதி. இரண்டுமே ஒழுங்காக நடத்தப்பட்டவைதான். வேறுபாடு கேள்வியில் இருக்கிறது. கணக்கெடுப்பு "உங்கள் மதம் என்ன?" என்று கேட்டது. ஏதோ ஒரு மதம் இருக்கத்தான் வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அந்தக் கேள்விக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. மற்றது, "ஏதேனும் ஒரு மதத்தைச் சேர்ந்தவராக உங்களைக் கருதுகிறீர்களா?" என்று கேட்டது, 'இல்லை' என்று சொல்ல வாசலைத் திறந்து வைத்தது. இடமும் முக்கியம். கணக்கெடுப்புப் படிவத்தில் அந்தக் கேள்வி இனம், மொழி பற்றிய கேள்விகளுக்குப் பின்னால் வந்தது. அந்த வரிசையில் வருகிறவர் மதத்தையும் பிறப்போடு வந்த அடையாளமாகவே எண்ணிக் குறியிடுவார். வீட்டில் ஒருவரே எல்லோருக்கும் படிவம் நிரப்புவதும் உண்டு. மகள் என்ன நினைக்கிறாள் என்பது தந்தையின் பேனாவில் எழுதப்படுகிறது. அந்த ஆய்விலோ அப்போது வயது வந்த ஒருவரை நேரில் கண்டு அவரைப் பற்றி மட்டும் கேட்டார்கள். குழந்தைகள் அதில் இல்லை என்பதையும் ஒப்பிடும்போது மறக்கக்கூடாது.

வழிபாட்டுக்குப் போவதைக் கேட்டு அறிவது இதைவிட வழுக்கலான தரை. அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாகக் கருத்துக்கணிப்புகளில் பத்தில் நான்கு பேர், போன வாரம் வழிபாட்டுக்குப் போனதாகச் சொல்லிவந்தார்கள். ஹாடவே, மார்லர், சாவ்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் தேவாலயங்களில் உள்ள உண்மையான வருகையோடு இதை ஒப்பிட்டு 1993-இல் கட்டுரை வெளியிட்டார்கள். உண்மையில் வந்தவர்கள், வந்ததாகச் சொன்னவர்களில் சுமார் பாதிதான். மக்கள் பொய் சொல்கிறார்கள் என்று இதைப் படிப்பது அவசரம். "போன வாரம் போனீர்களா?" என்ற கேள்வி பலர் காதில் "நீங்கள் போகிற வகை ஆளா?" என்று விழுகிறது. அதற்கு அவர்கள் உண்மையான பதிலைத்தான் தருகிறார்கள்.

இதைச் சரிசெய்ய நாட்குறிப்பு முறை கைகொடுக்கும். மதம் என்ற சொல்லே இல்லாமல், நேற்று எழுந்தது முதல் படுத்தது வரை என்னென்ன செய்தீர்கள் என்று வரிசையாகச் சொல்லச் சொல்வது. வழிபாடு நடந்திருந்தால் அதுவாகவே வரிசையில் வந்து விழும். இப்படிக் கேட்டால் எண்ணிக்கை கணிசமாக இறங்குகிறது.

நேரில் தலை எண்ணுவது சுலபம் என்று நினைத்து இறங்குபவர்கள் மூன்று இடத்தில் தவறுகிறார்கள். முதலாவது பட்டியல். பதிவு பெற்ற வழிபாட்டிடங்களின் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டால், வீட்டு மாடியிலும் வாடகை அரங்கிலும் கூடும் சிறு குழுக்கள் விடுபடும். தெருத்தெருவாக நடந்து பட்டியலை நிரப்பிய பிறகே எண்ண வேண்டும். இரண்டாவது நேரம். தொடங்கும்போது எண்ணினால் தாமதமாக வருபவர்கள் போய்விடுவார்கள். முடியும்போது எண்ணினால் சீக்கிரம் கிளம்பியவர்கள் போய்விடுவார்கள். ஒவ்வொரு வாசலிலும் ஓர் ஆள் நின்று, கையடக்க எண்ணியால் உள்ளே வருபவர்களை மட்டும் எண்ணுவது நல்லது. வெளியே போய்த் திரும்பி வருபவர்களைக் கழிக்கத் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவது நாள். பெருவிழா நாளும் அடைமழை நாளும் எதையும் சொல்லாது. குறைந்தது நான்கு சாதாரண வாரங்கள் தேவை.

அமைப்புகளே தரும் எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்வது இன்னொரு பள்ளம். ஜப்பானில் சமய அமைப்புகள் அரசுக்குத் தெரிவிக்கும் உறுப்பினர் எண்ணிக்கையைக் கூட்டினால் நாட்டின் மக்கள்தொகையைத் தாண்டிவிடும். ஒரே குடும்பம் ஜப்பானின் மரபுச் சமயமான ஷின்டோவின் ஆலயக் கணக்கிலும் பௌத்த விகாரையின் கணக்கிலும் இருக்கிறது. அதே மக்களிடம் கேட்டால் பெரும்பாலோர் தமக்கு மதமில்லை என்கிறார்கள். ஒருவருக்கு ஒரு மதம் என்பதே சில நாடுகளின் வரலாற்றில் உருவான ஏற்பாடு. படிவத்தில் ஒரே ஒரு கட்டத்தைக் குறிக்கச் சொல்வதன் மூலம் நாம் அந்த ஏற்பாட்டை எல்லா இடத்துக்கும் ஏற்றுமதி செய்கிறோம்.

கேள்வித்தாளைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது சிக்கல் வேறு உருவெடுக்கும். "கடவுளை நம்புகிறீர்களா?" என்பது பார்க்கக் குற்றமற்ற வாக்கியம். ஆனால் தமிழில் 'நம்பு' என்பது இரண்டு வேலை செய்கிறது: கடவுள் உண்டு என்று கொள்வது ஒன்று, கடவுளே துணை என்று இருப்பது மற்றொன்று. 'அவர் இருக்கிறார், ஆனால் நான் அவரை நம்பி இல்லை' என்று சொல்பவரை எந்தக் கட்டத்தில் போடுவது? மொழிபெயர்த்ததை மறுபடி மூலமொழிக்குத் திருப்பிச் சரிபார்க்கும் வழக்கமான முறை இதைப் பிடிக்காது. திரும்பிப் போகும்போது அது சுத்தமாகவே போய்ச்சேரும். எட்டுப் பத்துப் பேரிடம் கேள்வியைப் படித்துக்காட்டி, "இதில் என்ன கேட்கிறார்கள் என்று உங்கள் சொல்லில் சொல்லுங்கள்" என்று கேட்டால்தான் வெளியே வரும். 'மதம்', 'சமயம்', 'நெறி' மூன்றும் ஒன்றல்ல என்பதும் அங்கேதான் புலப்படும். 'மதம்' என்றதும் அரசுப் படிவம் நினைவுக்கு வருகிறது. 'நெறி' என்றதும் வாழும் முறை.

நீண்ட நேர்காணல்கள் பற்றி ஒன்று மட்டும். ஒரு மணி நேரப் பதிவைக் கையால் எழுத்தாக்க நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். திட்டம் போடும்போது யாரும் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பிறகு அவசரத்தில் ஒருவரே எல்லாவற்றையும் வகைப்படுத்துகிறார். இருவர் தனித்தனியே வகைப்படுத்தி ஒப்பிடாத நேர்காணல் முடிவு ஒரு தனிமனிதரின் அபிப்பிராயம்தான்.

விடையளிக்காதவர்களுக்குத் தனி வரிசை வேண்டும். இங்கிலாந்து, வேல்ஸ் கணக்கெடுப்பில் மதக் கேள்வி கட்டாயமில்லை, 2011-இல் 7.2 சதவீதத்தினர் அதை வெறுமனே விட்டுவிட்டார்கள். இவர்களை மதமற்றோரோடு சேர்த்தால் 25.1 என்பது 32.3 ஆகிறது. இவர்களை நீக்கிவிட்டுப் பதில் தந்தவர்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் சுமார் 27. 2001 கணக்கெடுப்பில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது: சுமார் 3.9 லட்சம் பேர் 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படங்களில் வரும் வீரர் குழுவான 'ஜெடாய்' என்பதைத் தம் மதமாக எழுதினார்கள். அவர்களை மதமற்றோர் பட்டியலில் சேர்த்தார்கள். அட்டவணைக்குக் கீழே அது ஒரு வரி.