பூட்டப்பட்ட கோப்புகளை அழித்துவிடாதீர்கள்

கொழும்பில் வீட்டுக் கணினி ஒன்று பழுதானால், உறவினர், அயலவர், திருத்தும் கடைக்காரர் என்று எவரைக் கேட்டாலும் முதலில் வரும் யோசனை "ஃபோர்மட் பண்ணிவிடுங்கோ" என்பதுதான். வேறு பல பழுதுகளுக்கு அது சரியான வைத்தியமாக இருக்கலாம். ஆனால் ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவைத்துக் கப்பம் கேட்கும் நச்சுநிரல் புகுந்த கணினியை உடனே ஃபோர்மட் செய்தால், பின்னாளில் மீட்கக்கூடியவையும் சேர்ந்தே அழிந்துவிடும். அண்மையில் வெள்ளவத்தையில் என் சித்தப்பா வீட்டுக் கணினி இந்த நிலையில் என் கைக்கு வந்தது.

அவருடைய மகன் வீடியோத் தொகுப்புக்கான மென்பொருள் ஒன்றின் கிராக் பிரதியை, அதாவது காசு கட்டாமல் ஓடும்படி உடைத்த திருட்டுப் பிரதியை இறக்கி, அது கேட்டுக்கொண்டபடியே வைரஸ் தடுப்பை நிறுத்திவிட்டு நிறுவியிருக்கிறான். சற்று நேரத்தில் படங்கள், ஆவணங்கள், வீடியோக்கள் எல்லாவற்றின் பெயருக்குப் பின்னாலும் பொருளற்ற நான்கு எழுத்துகள் ஒட்டிக்கொண்டன. கோப்புறைகளில் 'ரீட்மி' என்றொரு குறிப்பு இருந்தது. 980 டொலர் கட்ட வேண்டும், 72 மணித்தியாலத்துக்குள் தொடர்பு கொண்டால் 490 டொலர் போதும், நம்பிக்கைக்காக ஒரு கோப்பை இலவசமாகத் திறந்து காட்டுவோம் என்று அதில் எழுதியிருந்தது. இந்தத் தொகைகளும் வாசகங்களுமே அது 'ஸ்டாப் டிஜேவியூ' குடும்பத்தைச் சேர்ந்தது என்பதைக் காட்டிக்கொடுத்தன. 2018 அளவில் பரவத் தொடங்கிய இந்தக் குடும்பம், பெரிய நிறுவனங்களை விட்டுவிட்டு, கிராக் மென்பொருள்களின் முதுகில் ஏறி வீட்டுப் பாவனையாளர்களையே தேடி வருவது. 2022இல் 200 ரூபாயளவில் இருந்த டொலர் 360ஐத் தொட்ட நாட்டில், மாணவர்கள் அசல் மென்பொருளை வாங்காததற்காக அவர்களுக்கு உபதேசம் செய்ய எனக்கு மனமில்லை.

முதலில் இணையத் தொடர்பைத் துண்டித்து, செருகியிருந்த பென்டிரைவைக் கழற்றினேன். நச்சுநிரலை நீக்கிய பிறகு, பூட்டப்பட்ட கோப்புகள், அந்தக் கப்பக் குறிப்பு, சி டிரைவில் அது உருவாக்கியிருந்த 'சிஸ்டம் ஐடி' என்ற கோப்புறை ஆகிய எல்லாவற்றையும் வேறொரு வட்டில் பிரதி எடுக்கத் தொடங்கினேன். "உந்தக் குப்பையை ஏன் தம்பி கொப்பி பண்ணுறாய்?" என்று சித்தப்பா சலித்துக்கொண்டார்.

காரணம் இதுதான். இந்த நச்சுநிரல் தன் சேவையகத்தை எட்ட முடிந்தால், ஒவ்வொரு கணினிக்கும் தனியான திறவியை, அதாவது பூட்டவும் திறக்கவும் வேண்டிய இரகசியக் குறியீட்டைப் பெற்றுப் பூட்டுகிறது. எட்ட முடியாதபோது, தன்னுள்ளேயே வைத்திருக்கும் பொதுத் திறவியைப் பயன்படுத்துகிறது. பொதுத் திறவியால் பூட்டப்பட்டிருந்தால், கப்பக் குறிப்பிலும் 'சிஸ்டம் ஐடி' கோப்புறையிலும் உள்ள அடையாள எண் 'டி1' (t1) என்று முடியும். அதே வகையால் பாதிக்கப்பட்ட ஒருவரின் பொதுத் திறவி ஆய்வாளர்களிடம் கிடைத்துவிட்டால், அதனால் பூட்டப்பட்ட மற்ற எல்லோருடைய கோப்புகளையும் அதைக்கொண்டே திறக்கலாம். எம்சிசாஃப்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் 2019 அக்டோபரில் வெளியிட்ட இலவசக் கருவி, அதுவரை அறியப்பட்டிருந்த 160 வகைகளில் 148 வகைகளுக்கு உதவியது. சித்தப்பாவின் எண் 'டி1' என்று முடியவில்லை. ஆகவே இப்போதைக்கு அவருடைய கோப்புகளைத் திறக்க வழியில்லை. ஆயினும் 2016இல் 'டெஸ்லாகிரிப்ட்' என்ற இன்னொரு ரான்சம்வேரின் கும்பல் தொழிலை மூடியபோது தன் முதன்மைத் திறவியைத் தானே வெளியிட்டது என்பதையும், பூட்டிய கோப்புகளை அழிக்காமல் வைத்திருந்தவர்களுக்கே அது பயன்பட்டது என்பதையும் சொன்ன பிறகுதான் அவர் சமாதானமானார்.

வேறு ஒரு சிறு நன்மையும் உண்டு. வேகத்துக்காக இந்த நச்சுநிரல் ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கிலோபைட் அளவை மட்டுமே பூட்டுகிறது. சிறிய ஆவணம் முழுதாகப் போய்விடும். பெரிய வீடியோவில் தலைப்பகுதி மட்டுமே சிதையும். அதே கமராவில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்துத் திருத்தும் கருவிகளால் சித்தப்பா மகனின் காணொளிகள் சில மீண்டன. குடும்பப் படங்களில் ஒரு பகுதி ரொறன்ரோவில் உள்ள அத்தையின் வாட்ஸ்அப்பிலிருந்து, தரம் குறைந்தாலும், திரும்பி வந்தது.

"அரைவிலைதானே, கட்டிவிடுவம்" என்ற பேச்சும் வீட்டில் எழுந்தது. கட்டினாலும் திறவி வருமென்ற உத்தரவாதம் இல்லை என்பதோடு, அந்தப் பணம் அடுத்த வீட்டைப் பூட்டவே உதவும் என்பதால் நான் உறுதியாக மறுத்தேன். இணையத்தில் தேடும்போது கிடைக்கும் எல்லா 'டிகிரிப்டர்'களையும் நம்பிவிடவும் கூடாது. 2020இல் இதே டிஜேவியூவுக்கான திறப்புக் கருவி என்ற வேடத்தில் 'சோராப்' என்ற இன்னொரு ரான்சம்வேர் பரவி, பூட்டிய கோப்புகளை மறுபடியும் பூட்டியது. நெதர்லாந்துப் பொலிஸ், ஐரோப்பிய ஒன்றியத்தின் பொலிஸ் அமைப்பான யூரோபோல் முதலியோர் 2016இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் தேடுவதே பாதுகாப்பானது.

கோப்புகளின் கவலையில் எல்லோரும் மறந்துவிடுவது கடவுச்சொற்களை. டிஜேவியூ பல தடவை தனியாக வருவதில்லை. 'அசோரல்ட்' போன்ற திருட்டு நிரலையும் கூட்டிவந்து, உலாவியில் சேமித்த கடவுச்சொற்களை அள்ளிச் செல்கிறது. என் கணிப்பில் பூட்டப்பட்ட படங்களைவிட இதுவே பெரிய ஆபத்து. ஆகவே பாதிக்கப்படாத ஒரு கைத்தொலைபேசியிலிருந்து மின்னஞ்சல், வங்கி, முகநூல் என்ற வரிசையில் கடவுச்சொற்களை மாற்றி, ஏற்கெனவே திறந்திருந்த எல்லா உள்நுழைவுகளையும் வெளியேற்றி, இரட்டைச் சரிபார்ப்பை இயக்கினோம்.

இவ்வளவுக்கும் பிறகே கணினியை ஃபோர்மட் செய்தோம். காப்புப் பிரதி இல்லாத நிலை வீடுகளுக்கு மட்டும் உரியதல்ல. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கக் கிளவுடைத் தாக்கிய ரான்சம்வேரால், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீட்க முடியாமல் போயின. இப்போது சித்தப்பா வாரத்துக்கொரு தடவை வெளி ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுத்துவிட்டு, உடனே கேபிளைக் கழற்றிவிடுகிறார். செருகியபடியே விட்டால் அடுத்த நச்சுநிரல் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். அனுமதியில்லாத மென்பொருள்கள் முக்கிய கோப்புறைகளில் கைவைக்காமல் தடுக்கும், விண்டோஸில் வழமையாக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும் 'கன்ட்ரோல்ட் ஃபோல்டர் அக்சஸ்' வசதியையும் இயக்கிவிட்டேன். அது முதல் சில நாட்கள் நல்ல மென்பொருள்களையும் தடுக்கும். ஒவ்வொன்றாக அனுமதித்துவிட்டால் போதும்.