அழுத்தி வைங்க

"கட்டை விரலை அழுத்தி வைங்க. ஆட்டாதீங்க."

நான் சொன்னது இவ்வளவுதான். அம்மாச்சி "சரிங்க" என்று சொல்லிவிட்டு விரலை வைத்தாள்.

நினைவு தெரிந்த நாளிலிருந்து அவளை நீ, வா, போ என்றுதான் பேசியிருக்கிறேன். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எந்தப் பிள்ளையும் அம்மாச்சியை 'நீங்க' போட்டுப் பேசாது. அவளுக்கு நான் தாயி. அன்றைக்கு மட்டும், நான் வேலை பார்க்கும் சேவை மையத்தில், கம்ப்யூட்டருக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளுமாக, இரண்டு வேற்று ஆட்கள் போலப் பேசிக்கொண்டோம்.

2019 நவம்பர். பென்ஷன் வாங்குகிறவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று ரேகை வைத்துச் சரிபார்க்கும் மஸ்டரிங்கைக் கேரள அரசு அப்போதுதான் தொடங்கியிருந்தது. முந்தின ராத்திரி அம்மாச்சியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் முகம் மலர்ந்துவிட்டது. "மஸ்டரா? எஸ்டேட்டத் திரும்பத் தெறக்கிறானா?" தேயிலைத் தோட்டத்தில் மஸ்டர் என்றால் காலையில் பேர் கொடுக்கிற இடம். பீர்மேடு பக்கம் 2000-ஐ ஒட்டி வரிசையாக மூடிய எஸ்டேட்டுகளில் அவளுடையதும் ஒன்று. இல்லை, இது விதவைப் பென்ஷனுக்கு என்று விளக்கினேன். மாசம் 1,200 ரூபாய். அவள் கைக்கென்று வந்த காசு அது ஒன்றுதான்.

அவளை வரிசையில் உட்கார வைத்தது நான்தான். அதற்கு முந்தின நாள் ஒரு பெரியவர், சொந்தக்காரர்களை மட்டும் முன்னால் விடுகிறோம் என்று சத்தம் போட்டிருந்தார். அவர் சொன்னதில் உண்மை இல்லை. அந்தப் பேச்சு வரவே கூடாது என்று அம்மாச்சியை டோக்கன் எடுக்கச் சொன்னேன். 63-ஆவது டோக்கன். காலை ஏழு மணிக்கு வந்தவளுக்கு ஒரு மணிக்கு மேல்தான் முறை வந்தது. இன்றைக்குக் கேட்டாலும் அது சரி என்றுதான் சொல்வேன். மற்ற 62 பேரும் யாரோ ஒருவருக்கு அம்மாச்சிதானே.

ஆனால் அந்த 'வைங்க'?

ரேகை விழவில்லை. விழாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கொழுந்து கிள்ளுவது கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும். முப்பது வருஷத்துக்கு மேல் கிள்ளிய விரல் அவளுடையது. நுனி வழவழவென்று தேய்ந்து, நடுவில் இரண்டு வெடிப்பு மட்டும் கோடாக ஓடும். இலைக்கறை அந்த வெடிப்புக்குள் கறுப்பாகத் தங்கிவிட்டது. ஈரத்துணியால் துடைத்தேன், தேங்காய் எண்ணெய் தொட்டுப் பார்த்தேன், பத்து விரலையும் மாற்றி மாற்றி வைக்கச் சொன்னேன். கண்ணை வைத்துப் பார்க்கும் கருவி எங்கள் மையத்தில் அப்போது இல்லை. பின்னால் நாற்பது பேராவது இருந்திருப்பார்கள். என் குரல் ஏறியது எனக்கே கேட்டது.

அப்போது அவள் கேட்டாள்: "மஸ்டர்ல பேரு கூப்பிட்டா 'இருக்கேன்'னு சொன்னாப் போதும். இங்க நான் இருக்கேன்னு நீங்க சொன்னா எழுதிக்க மாட்டாங்களா?"

"அதெல்லாம் முடியாதுங்க."

ரேகை விழாதவர்கள் பஞ்சாயத்தில் உயிர்ச் சான்று கொடுக்கலாம் என்று சொல்லிச் சீட்டைக் கையில் கொடுத்தேன். மலையாளத்தில் அச்சடித்த சீட்டு. அவளுக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். நாலாக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் இறங்கிப் போனாள். சான்றைக் கொடுத்த பிறகு பென்ஷன் நிற்காமல் வந்தது. அந்த வகையில் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

அவள் ஏன் என்னை 'நீங்க' என்றாள்? கோபம் என்று சில நாள் தோன்றும். அப்படியென்றால் ராத்திரி எனக்கென்று மொச்சைக் குழம்பு எடுத்து வைத்திருப்பாளா? பேத்தி பெரிய வேலையில் இருக்கிறாள் என்ற பெருமையாக இருக்கலாம் என்று அம்மா சொன்னாள். என் மனசுக்குப் படுவது வேறு. என்ன காரணத்தால் நான் அவளை வேற்று ஆளாக்கினேனோ, அது அவளுக்கு அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது. பேத்தியின் பேர் கெடக்கூடாது என்று அவளும் வேற்று ஆளாகவே இருந்துவிட்டுப் போனாள். இதை நினைத்தால் ஆறுதலாக இருக்க வேண்டும். எனக்கு இதுதான் ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

கேட்டிருக்கலாம். ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தோம். அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. 2021 மழையில் நெஞ்சுச் சளி வைத்து, ஒன்பதாம் நாள் போய்விட்டாள். கடைசி இரண்டு நாள் "அம்மாச்சி, நீ கண்ணத் தெற, நீ என்னப் பாரு" என்று எத்தனை 'நீ' சொன்னேன் என்று கணக்கே இல்லை. இறப்பைப் பதிய 21 நாள் இருந்தும் நாலாம் நாளே போய்ப் பதிந்தேன். பென்ஷனை நிறுத்தும் மனுவையும் நானே எழுதினேன். அதற்கு யாரும் அவள் விரலைக் கேட்கவில்லை.

2024 மஸ்டரிங்கில் ஒரு பாட்டி வந்தார். நான் சொல்வதற்கு முன்னாலேயே கையை விரித்துக் காட்டி, "கொழுந்தெடுத்த கை தாயி, விழாது" என்றார். தாயி என்றதும் எனக்குக் கண் மறைத்துவிட்டது. எழுந்து அந்தப் பக்கம் போய், அவர் விரலை என் கையில் பிடித்து மெல்ல அழுத்தினேன். மூன்றாவது தடவை விழுந்தது.

அவரிடமும் "வைங்க" என்றுதான் சொன்னேன். அவரிடம் வேறு எப்படிச் சொல்வது?