கிழங்கு எடுத்தவர்களின் கவிஞர்

நாளைக்குச் சித்திரை ஒன்று. இன்று ஏப்ரல் 13, ஐரிஷ் கவிஞர் ஷேமஸ் ஹீனி பிறந்த நாள் (1939). அம்மா திண்ணையில் சாக்கை விரித்து, கார்போகத்துக்கு விதைக்கிழங்கு பிரித்துக்கொண்டிருக்கிறார், நான் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

ஐரிஷ் இலக்கியம் என்றால் ஜாய்ஸ் பேரைச் சொல்வார்கள், யேட்ஸைச் சொல்வார்கள். யேட்ஸ் 1912இல் தாகூரின் கீதாஞ்சலிக்கு முன்னுரை எழுதியவர், அதனால் நமக்குப் பாதி சொந்தக்காரர் மாதிரி. அந்தச் சின்னத் தீவில் பிறந்த யேட்ஸ், ஷா, பெக்கெட், ஹீனி என்று நாலு பேர் இலக்கியத்துக்கு நோபல் வாங்கியிருக்கிறார்கள். நால்வரும் பெரியவர்கள்தான். ஆனால் எனக்கு ஹீனிதான், காரணம் கிழங்கு.

கல்லூரி இரண்டாம் வருடத்தில் அவருடைய 'டிக்கிங்' (தோண்டுதல்) என்கிற கவிதை பாடமாக வந்தது. 1966இல் வந்த 'டெத் ஆஃப் எ நேச்சுரலிஸ்ட்' தொகுப்பின் முதல் கவிதை அது. கவிஞர் பேனாவோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார், கீழே அப்பா மண்ணைத் தோண்டும் சத்தம் கேட்கிறது, அந்தச் சத்தம் அவரை இருபது வருடம் பின்னால் கிழங்குத் தோட்டத்துக்கு இழுத்துப்போகிறது. அப்பா தோண்டிப்போடப்போட பிள்ளைகள் புதுக்கிழங்கைப் பொறுக்குகிறார்கள், கைக்குள் அது குளிர்ச்சியாக, கெட்டியாக இருப்பது அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். நீலகிரியில் கேத்தி பாலாடா பக்கம் குத்தகைத் தோட்டத்தில் கிழங்கு பொறுக்கி வளர்ந்தவள் நான். மண்ணைவிட்டு அப்போதுதான் வெளியே வந்த கிழங்கு உள்ளங்கையில் ஜில்லென்று உட்காரும், மேல்தோல் கட்டைவிரல் பட்டாலே உரியும். மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்ச்சேர்வதற்குள் அந்தக் குளிர்ச்சி போய்விடும். இதை ஒரு கவிஞர் எழுதுவார் என்று எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை.

அதே தொகுப்பில் 'அட் எ பொட்டேட்டோ டிக்கிங்' என்று இன்னொரு கவிதை. கிழங்கு பொறுக்கும் வரிசையில் ஆரம்பித்து 1845க்குப் போகிறது. அங்கே குவிந்து கிடக்கும் கிழங்குகள் அவருக்கு மண்டையோடுகளாகத் தெரிகின்றன. அந்த வருடம் அயர்லாந்தில் இறங்கிய கருகல் நோய், கிழங்கை மட்டுமே நம்பியிருந்த ஏழைகளை அடியோடு சாய்த்தது. சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னும் அவ்வளவு பேர் கப்பலேறிப் போனார்கள், அந்த நாட்களிலும் அங்கிருந்து தானியம் வெளியே போய்க்கொண்டிருந்தது. நம் பாட்டிகள் சொன்ன தாது வருஷப் பஞ்சத்தை (1876-78) கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கருகலை நான் பார்த்திருக்கிறேன். ஒரு ஆடி மாதம், எட்டு நாள் விடாத தூறலும் மூடுபனியும். இலை ஓரத்தில் ஈரக்கறை மாதிரி ஆரம்பித்தது, திருப்பிப் பார்த்தால் அடியில் வெள்ளைப் பூஞ்சணம், மூன்றாம் நாள் பாத்தி பாத்தியாகக் கறுத்துச் சாய்ந்துவிட்டது. அப்பா மருந்து டப்பாவை முதுகிலிருந்து இறக்காமலே ரொம்ப நேரம் நின்றார். அந்த நாற்றம் எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. 1845இல் அங்கே வந்ததும் இதே நோய்தான். எங்களுக்கு அடுத்த போகம் என்று ஒன்று இருந்தது.

ஹீனிக்கு முன்னால் பேட்ரிக் கவனா என்கிற ஐரிஷ் கவிஞர் இருக்கிறார், அவரை விட்டுவிட முடியாது. மோனகன் மாவட்டத்தில் சின்ன விவசாயியாக இருந்து எழுத வந்தவர். 'எபிக்' (காவியம்) என்று பதினாலே வரியில் ஒரு கவிதை. இரண்டு குடும்பங்கள் துண்டு நிலத்துக்காக வரப்பில் நின்று அடித்துக்கொள்கின்றன, உலகமோ யுத்தத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது, இதெல்லாம் ஒரு விஷயமா என்று கவிஞருக்கே சந்தேகம் வருகிறது. அப்போது பழைய கிரேக்கக் கவி ஹோமரின் ஆவி வந்து, இப்படி ஒரு ஊர்ச்சண்டையை வைத்துத்தான் நான் இலியட் காவியத்தைக் கட்டினேன் என்கிறது. வேலியைத் தள்ளிப்போட்டதுக்காகப் பதினைந்து வருடம் பேசாமல் இருந்த இரண்டு வீடுகளுக்கு நடுவில் வளர்ந்த எனக்கு, எழுதலாம் என்கிற தைரியம் அந்தப் பதினாலு வரியில்தான் வந்தது.

சரி, அம்மா விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் 'டிக்கிங்'கை வரிவரியாகத் தமிழில் சொல்லிக்காட்டினேன். கவிதையில் அப்பா தோண்டும் இடத்தைக் கேட்டு அம்மா "ம்" என்றார். தாத்தா வரும் இடத்தில்தான் நிமிர்ந்தார். தாத்தா சதுப்பு நிலத்தில் அடுப்பில் எரிக்கிற மண்கட்டி வெட்டுகிறவர், பேரன் சீசாவில் பால் கொண்டுபோகிறான், அதன் வாயைக் காகிதத்தால் அடைத்திருக்கிறான்.

"காகிதமா? நானும் அப்படித்தான் கண்ணு. எங்கப்பாவுக்குக் கடுங்காப்பி சீசாவுல கொண்டுபோவேன், மூடி தொலைஞ்சுபோச்சு, பேப்பரைச் சுருட்டி அடைச்சா பாதி வழியிலேயே ஊறிப்போயிரும். குடிச்சிட்டு அந்தத் தாத்தா என்ன பண்ணினாரு?"

நிமிர்ந்து குடித்தார், உடனே குனிந்து மறுபடியும் வெட்ட ஆரம்பித்துவிட்டார் என்றேன்.

அம்மா கையிலிருந்த கிழங்கை, முளை உடையாமல், சாக்கின்மேல் வைத்தார். "உட்காரக்கூட இல்லையா," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அதை மறுபடியும் படி," என்றார்.