வியாழக்கிழமை மீட்டிங் எந்தக் கிழமை?

எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு இங்கிலாந்து கிளையண்டிடமிருந்து மெயில் வந்தது, வியாழக்கிழமை மீட்டிங்கை ஒரு நாள் "மூவ் ஃபார்வர்ட்" செய்திருக்கிறோம் என்று. அவள் அதை வெள்ளிக்கிழமை என்று எடுத்துக்கொண்டாள். புதன்கிழமை சாயங்காலம் மீட்டிங் தொடங்கி, ரிப்போர்ட் எங்கே என்று அங்கிருந்து ஃபோன் வந்தபோது பாதி வேலைதான் முடிந்திருந்தது. மேலதிகாரி எல்லார் முன்னாலும், "மொதல்ல இங்கிலீஷ ஒழுங்கா கத்துக்கம்மா" என்றார். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

ஏனென்றால் தவறு அவளுடைய ஆங்கிலத்தில் இல்லை. லேரா பொரோடிட்ஸ்கி, மைக்கேல் ராம்ஸ்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் ஆங்கிலம் பேசுகிறவர்களிடமே கிட்டத்தட்ட இந்தக் கேள்வியைத்தான் கேட்டார்கள்: புதன்கிழமைக் கூட்டத்தை இரண்டு நாள் "ஃபார்வர்ட்" நகர்த்தினால் திங்களா, வெள்ளியா? பதில் இரண்டாகப் பிரிந்தது. விமான நிலையத்தில் கேட்டபோது, யாரையோ அழைத்துப்போகக் காத்திருந்தவர்களைவிட அப்போதுதான் பறந்து வந்து இறங்கியவர்கள் வெள்ளி என்று சொன்னது அதிகம். நாம் காலத்துக்குள் நடந்து போகிறோம் என்று நினைத்தால் முன்னே இருப்பது வெள்ளி, காலம் நம்மை நோக்கி வருகிறது என்று நினைத்தால் திங்கள். போதாததற்கு, மார்ச் கடைசி ஞாயிறு பிரிட்டனில் கடிகாரத்தை "ஃபார்வர்ட்" வைப்பார்கள், அப்போது மணி ஒன்று இரண்டாகிவிடும். "பிரிங் ஃபார்வர்ட்" என்றாலோ முன்கூட்டியே வைத்துக்கொள்வது. தமிழிலும் "முன்னாடி வா" என்றால் ஒரு முன், "முன்னாடியே சொன்னேனே" என்றால் வேறொரு முன், நமக்கு மட்டும் இது புதிதா என்ன? முன்கூட்டியே வைத்துக்கொள்வதற்கு நம் ஆட்கள் சொல்லும் "ப்ரீபோன்" எவ்வளவு தெளிவான சொல்! ஆக்ஸ்போர்டு அகராதியிலும் இருக்கிறது, ஆனால் பிரிட்டனில் பேச்சில் புழங்குவதில்லை.

அப்புறம் "ஹாஃப் த்ரீ". பிரிட்டிஷ்காரர்கள் நடுவில் இருக்கும் "பாஸ்ட்" என்ற சொல்லை விழுங்கிவிடுவார்கள், நம்ம மூன்றரைதான் அது. ஒருமுறை "ஹாஃப் த்ரீ"க்கு வைத்த ஃபோன் மீட்டிங்கில் ஒரு ஜெர்மன் பொறியாளரும் இருந்தார். அவர் மொழியில் "ஹால்ப் டிரை" என்றால் மூன்றை நோக்கிப் பாதி தூரம், அதாவது இரண்டரை. பாவம், ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் ஆங்கிலம் கத்துக்கச் சொல்லவில்லை.

"ஃப்ரைடே வீக்" என்றால் வருகிற வெள்ளி கிடையாது, அதற்கும் ஒரு வாரம் கழித்து. "பை-வீக்லி" வாரத்துக்கு இரண்டு தடவையா, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையா என்று கேட்டால் அகராதி இரண்டும் சரி என்கிறது. அதற்கு "ஃபோர்ட்நைட்" எவ்வளவோ மேல், பதினாலு இரவு என்ற பழைய சொல்லிலிருந்து வந்தது, கிட்டத்தட்ட நம்ம பட்சம் மாதிரி.

இத்தனை வருஷத்தில் நான் பார்த்தது, புதிதாக வருகிற பிள்ளைகள் புரியாமல் தவறு செய்வதைவிட, கேட்டால் ஆங்கிலம் தெரியாது என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்து கேட்காமல் விடுவதுதான் அதிகம். அந்தப் பயத்தை உண்டாக்கியது நாம்தான்.

அந்தப் பெண் இப்போது ஒரு டீமை நடத்துகிறாள். இப்படி எந்த மெயில் வந்தாலும் ஒரே வரி பதில் போடுவாள்: "ஜூன் 12, புதன், உங்கள் நேரம் மதியம் 3:30, எங்கள் நேரம் இரவு 8:00, சரிதானே?" பெரும்பாலும் "ஆமாம், நன்றி" என்று வரும். போன மாதம் வேறு மாதிரி வந்தது. அதே கிளையண்ட், அதே ஊர், வேறொரு ஆள். "ஃபார்வர்ட்" என்று எழுதியிருந்தார், அவள் புதன் என்று உறுதிசெய்யக் கேட்டாள். "இல்லை இல்லை, நான் சொன்னது வெள்ளி" என்று பதில் போட்டிருந்தார்.