முளைத்ததெல்லாம் நிலைப்பதில்லை

வறண்ட மேய்ச்சல் நிலத்தில் நல்ல மழை பெய்த சில நாட்களில் குனிந்து பார்த்தால், பழைய சாண வட்டின் விரிசல்களிலிருந்து வேலங்கன்றுகள் எட்டிப் பார்ப்பதைக் காணலாம். மாடுகள் தின்ற நெற்றுகளின் விதைகள் அவை. குடலைக் கடந்து வந்ததில் கெட்டியான விதையுறை நைந்து, நீர் உள்ளே புக வழி கிடைத்திருக்கிறது. ஆயினும் அடுத்த மழை தாமதித்தால் அவற்றுள் பெரும்பாலானவை கருகிவிடும். மேல்மண் உலர்வதற்கு முன்பே ஆணிவேரைக் கீழே உள்ள ஈரத்துக்கு இறக்கிவிட்டவையே தப்பும். முளைத்தவற்றை மட்டும் எண்ணிவிட்டு மகிழ்பவர்கள்மீது எனக்குள்ள மனத்தாங்கல் இதுதான்.

கால்நடைகள் மரக்கன்றுகளைக் கடிப்பதும் மிதிப்பதும் எளிதில் கண்ணில் படுகின்றன. புல்லை அவை குறைப்பதால் நேர்வதோ அவ்வளவு எளிதில் புலப்படுவதில்லை. அடர்ந்த புல்லின் வேர்கள் மேல்மண்ணின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால் மரக்கன்று வாடும். மாடுகள் அப்புல்லை ஒட்ட மேய்ந்துவிட்டால் அந்த ஈரமும் வெளிச்சமும் கன்றுக்குப் போய்ச் சேரும். தழை கடிக்கும் ஆடுகளின் கதை வேறு.

புல்தீ வேகமாகக் கடந்துவிடுவதால் சில சென்டிமீட்டர் ஆழத்திலேயே மண் அவ்வளவாகச் சூடேறுவதில்லை. வளர்முனை தரையை ஒட்டியிருப்பதால் புல் விரைவில் துளிர்த்துவிடும். மரக்கன்றின் தண்டு எரிந்துபோகும். வேரடியிலிருந்து அது மீண்டும் துளிர்த்தாலும், தீயின் உயரத்தைத் தாண்டும்வரை எரிவதும் துளிர்ப்பதுமாகப் பல ஆண்டுகள் குட்டையாகவே நின்றுவிடக்கூடும்.

மேய்ச்சல், தீ இவ்விரண்டையும் தனித்தனியே எடைபோடுவது பிழை என்பதற்குக் கிழக்கு ஆப்பிரிக்காவின் செரங்கெட்டிப் புல்வெளியே சான்று. மாடுகளையும் அவற்றை ஒத்த காட்டு விலங்குகளையும் கொன்ற வெக்கை நோய் 1960களில் அங்கே ஒழிந்தபின், சுமார் 2.5 லட்சமாக இருந்த வில்டபீஸ்ட் என்னும் புல்மேயும் விலங்குகள் 1970களின் இறுதிக்குள் ஏறத்தாழ 13 லட்சமாகப் பெருகின. அவை மேய்ந்ததால் எரிவதற்குப் புல் குறைந்தது; தீ பரவும் பரப்பு சுருங்கியது; மரங்கள் பெருகின.

எரிந்த திட்டில் துளிர்க்கும் இளம்புல்லைத் தேடி மந்தைகள் தாமாகவே வந்து கூடும். அங்கே புல் நாற்றுகள் வேரூன்ற வேண்டுமானால் வளரும் பருவத்தில் மாடுகளை விலக்கி வைப்பது நல்லது. புதர்களை அடக்குவதே நோக்கமானால், அதே திட்டில் வேரடித் துளிர்களைக் கடிக்க ஆடுகளை விடலாம்.