அந்த மங்கலா தெரியறது நானாப்பா

நான் கல்யாண போட்டோகிராபர். கேமரா சாமான்ல அடுத்து என்ன வாங்கறதுன்னு மூணு மாசமா மண்டைய உடைச்சிட்டு இருக்கேன். கையில எம்பதாயிரம் சொச்சம் சேத்து வச்சிருக்கேன். டாம்ரான் 28-75 எஃப் 2.8 ஜூம் லென்ஸ் எடுக்கலாமா, கோடாக்ஸ் ஏடி200 பிளாஷ் ஒண்ணு ஸ்டாண்டு ட்ரிக்கரோட எடுக்கலாமா, இல்ல இன்னும் கொஞ்சம் சேத்து ரெண்டாவது கேமரா பாடியே பாத்துடலாமான்னு பேப்பர்ல எழுதி எழுதி அடிக்கறேன். ஒவ்வொரு தடவை உக்காரும்போதும் ஒரு கல்யாண வீட்டு அக்கா கண்ணாடிய கழட்டி முந்தானைல துடைச்சதுதான் கண்ணு முன்னாடி வந்து நிக்குது.

போன வருசம் இதே மாதிரி கையில ஒரு லட்சம் இருந்துச்சு. சோனி ஏ7 த்ரீ பாடி, அதோட வந்த 28-70 கிட் லென்ஸ், ஒரு 50 எஃப் 1.8, இவ்ளோதான் என்கிட்ட. நான் தொழில் கத்துக்கிட்ட ஸ்டுடியோ அண்ணன்கிட்ட கேட்டேன். அவரு யோசிக்கவே இல்ல, "லைட்டு வாங்குடா, அப்புறம் ஒரு நல்ல ஜூம் வாங்கு, கல்யாண வீட்டுல எல்லார் மூஞ்சியும் விழணும்"னாரு. அவரு எஃப் 8ல, அதாவது முன்னாடி பின்னாடி எல்லாரும் தெளிவா விழற மாதிரி, பிளாஷ் போட்டு எடுத்த காலத்து ஆளு, இப்ப கேக்கறவங்க வேற மாதிரி கேக்கறாங்கன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டு சிக்மா 85 எஃப் 1.4 லென்ஸ் வாங்கிட்டேன். எஃப் நம்பர் கொறைய கொறைய தெளிவா விழற ஆழம் சுருங்கும், பின்னாடி மங்கும். இன்ஸ்டால நான் பாத்து ஏங்கின படம் பூரா அந்த மாதிரி லென்ஸ்ல எடுத்தது, பொண்ணு மூஞ்சி மட்டும் பளிச்சுனு, பின்னாடி மண்டபமே கரைஞ்சு போயிருக்கும்.

அந்த அக்கா என் பேஜ பாத்துட்டுதான் வந்தாங்க. மாப்பிள்ளையோட அக்கா. அப்பா இல்லாத குடும்பம், தம்பிய படிக்க வச்சதுல இருந்து மண்டபம் பேசினது வரைக்கும் எல்லாம் அவங்கதான். அட்வான்ஸ் குடுத்ததும் அவங்கதான். அப்ப ஒண்ணு கேட்டாங்க, "டிரெடிஷனலுக்கு தனியா ஒரு ஆள் வேணுமாப்பா, பட்ஜெட் கொஞ்சம் இடிக்குது"ன்னு. டிரெடிஷனல்னா சடங்கு, சொந்தக்காரங்கன்னு எல்லாரையும் வழக்கமா எடுக்கறது; என் பேஜ்ல இருக்கறது கேண்டிட், போஸ் இல்லாம எடுக்கறது. நான் "வேணாங்கா, ரெண்டையும் நானே பாத்துக்கறேன்"னேன். ஆர்டர் கை விட்டுப் போயிடக்கூடாதுங்கறதுதான் மனசுல. அத இப்ப மறைச்சு என்ன ஆகப்போகுது.

முகூர்த்தம் எப்படின்னு நம்ம தொழில்ல இருக்கவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. கெட்டிமேளம் சத்தம் கேட்டதும் மொபைல தூக்கிக்கிட்டு எல்லாரும் மேடைக்கு முன்னாடி, வீடியோக்காரர் கிம்பலோட ஒரு பக்கம், அட்சதை வந்து லென்ஸ் மேலயே விழுது. நான் ரெண்டு மீட்டர் தள்ளி ஒரு சந்துல நின்னு எஃப் 1.4ல அமுக்கிட்டு இருந்தேன். கேமராவோட ஐ ஏஎஃப், அதான் கண்ண தானா தேடி போகஸ் பண்றது, பொண்ணோட கண்ண புடிச்சிருச்சு, விடவே இல்ல. மொத முடிச்சு மாப்பிள்ளை போட்டாரு, மிச்ச ரெண்டு முடிச்சும் நாத்தனார், அதாவது இந்த அக்கா, பொண்ணுக்குப் பின்னாடி நின்னு குனிஞ்சு போட்டாங்க. பொண்ணு கண்ணுல தண்ணி கோத்து நின்ன அந்த படம் நான் இதுவரைக்கும் எடுத்ததுலயே நல்ல படம். இத இன்னைக்கும் சொல்வேன்.

ஆல்பத்துக்கு படம் செலக்ட் பண்ண அக்கா கடைக்கு வந்தாங்க. பொறுமையா ஒவ்வொண்ணா பாத்துட்டே வந்தவங்க அந்த படம் வந்ததும் நிறுத்தினாங்க. கண்ணாடிய கழட்டி துடைச்சு போட்டுக்கிட்டு மறுபடி பாத்தாங்க. அப்புறம் மானிட்டர்ல பொண்ணு தோளுக்குப் பின்னாடி விரல வச்சு, "இந்த மங்கலா தெரியறது நானாப்பா?"ன்னாங்க.

கோவமெல்லாம் இல்ல. நிஜமா தெரியாமதான் கேட்டாங்க. அரக்கு கலர்ல ஒரு பொடவை, அதுக்கு மேல மூஞ்சி இருக்க வேண்டிய எடத்துல ஒரு வெளுத்த வட்டம், அவ்ளோதான் அங்க இருந்துச்சு.

நான் சொன்னேன், "அது பொக்கேன்னு சொல்ற மங்கல் எஃபெக்ட்டுக்கா, பின்னாடி இருக்கறது அப்படித்தான் வரணும், அப்பதான் பொண்ணு தனியா எடுத்துக் காட்டும்." அக்கா "ஓ, அப்படியா... பொண்ணு அழகா இருக்குப்பா"ன்னு சொல்லிட்டு அந்த படத்தையே 12க்கு 36 ஆல்பத்துல மொத ஷீட்டுக்கு குடுத்தாங்க. பாக்கி பணத்த எண்ணி குடுத்துட்டு போயிட்டாங்க. வேற படம் இருக்கான்னு ஒரு வார்த்தை கேக்கல.

கேட்டிருந்தா எனக்கு இவ்ளோ உறுத்தாதுன்னு நினைக்கறேன்.

அன்னைக்கு ராத்திரி உக்காந்து கேமராவுல இருந்து வந்த மொத்த ஒரிஜினல் பைலையும் தேடினேன், ரெண்டாயிரத்து சொச்சம் படம். பந்தில எலைக்கு தண்ணி தெளிக்கறாங்க, முதுகு தெரியுது. வரவேற்புல தம்பி பக்கத்துல நிக்கறாங்க, போகஸ் தம்பி மேல. குரூப் போட்டோ எடுக்கும்போது "அக்கா வாங்க"ன்னு கூப்பிட்டாங்க, அவங்க சமையல்காரருக்கு கணக்கு முடிக்க போயிட்டாங்க. முடிச்சு போடற நேரத்துல அவங்க மூஞ்சி தெளிவா இருக்கற படம் ஒண்ணு கூட இல்ல. கடைசில வீடியோல இருந்து ஒரு பிரேம் எடுத்தேன், பாதி மூஞ்சிய மாலை மறைக்குது, ஆனா அவங்கதான்னு தெரியுது. அத ஆல்பத்துல உள்பக்கம் சின்னதா வச்சேன். சொல்லி வைக்கல. அவங்க கவனிச்சாங்களான்னும் தெரியல.

கணக்கு போட்டு பாத்தேன். 85ல எஃப் 1.4, ரெண்டு மீட்டர் தூரம்னா ஷார்ப்பா விழறது நாலஞ்சு சென்டிமீட்டர்தான். பொண்ணு கண்ணு விழுந்தா காதே லேசா போயிடும். அவ்ளோ ஏன், தாலிய முடிச்சு போடற அக்காவோட விரலே தெளிவா இல்ல. அதே எடத்துல நின்னு ஜூம்ல 35 எம்எம் வச்சு எஃப் 2.8ல எடுத்திருந்தா அரை மீட்டருக்கு மேல கெடைக்கும், மூணு பேரும் உள்ள வந்திருப்பாங்க. சரி, அப்ப அண்ணன் சொன்ன ஜூம்தான் சரின்னு முடிச்சுடலாம்ல? ஆனா 85லயே நான் எஃப் 4 வச்சிருக்கலாமே. வெளிச்சம் கொறையறதுக்கு ஈடா ஐஎஸ்ஓ, அதான் கேமராவோட ஒளி உணர்திறன், 800ல இருந்து 6400 போயிருக்கும், இந்த பாடிக்கு 6400 பெரிய விஷயமே இல்ல. முழுசா ஷார்ப் ஆகாட்டியும் ஆளு யாருன்னு தெரிஞ்சிருக்கும். எந்த லென்ஸும் என்னை 1.4லயே வைன்னு சொல்லல. அப்ப புதுசா எத வாங்கினாலும் நான் அதயேதான் பண்ணுவேனா?

இன்னொரு பக்கம், அந்த படத்த பாத்துட்டு அடுத்து ரெண்டு ஆர்டர் வந்துச்சு. லென்ஸ் போட்ட காச எடுத்து குடுத்திருச்சு. வந்த ரெண்டு பேரும் அந்த படத்த காட்டி "இதே மாதிரி வேணும்"னுதான் கேட்டாங்க. நான் எல்லாரையும் தெளிவா எடுத்திருந்தா அவங்க வந்திருப்பாங்களா? சத்தியமா வந்திருக்க மாட்டாங்க. இத நினைச்சா நான் பண்ணது தப்பே இல்லன்னு தோணுது. அப்புறம் அந்த கண்ணாடி துடைச்சது ஞாபகம் வருது.

பிளாஷ் வாங்கினா என்ன ஆகும்னும் யோசிக்கறேன். மண்டபத்து சீலிங் ஒசரம், மேல அடிச்சு திருப்பற பவுன்ஸ் வெளிச்சம் கீழ எறங்காது, ஆனா மேடை ஓரத்துல ஒரு ஏடி200 நிறுத்திட்டா தைரியமா எஃப் 5.6க்கு போகலாம். ஆனா கூட்டத்துல ஸ்டாண்ட யாரு புடிப்பா, அதுக்கு ஒரு பையன், அவனுக்கு சம்பளம். ரெண்டாவது பாடின்னா ஒண்ணுல 85, ஒண்ணுல ஜூம். கேக்க நல்லா இருக்கு, முடிச்சு போடற அந்த இருபது முப்பது செகண்டுல நான் எத தூக்குவேன்னு எனக்கே தெரியும்.

போன வாரம் அக்கா போன் பண்ணாங்க. அடுத்த மாசம் தம்பி பொண்டாட்டிக்கு வளைகாப்பாம். "நீதான்ப்பா வரணும், கல்யாணத்துல எடுத்த மாதிரியே எடுத்துக் குடு, பொண்ணு பளிச்சுனு இருக்கணும்"னாங்க. மனசார சொன்னாங்களா, நான் சொல்லிக் குடுத்தத நம்பி சொன்னாங்களான்னு கொரல வச்சு கண்டுபுடிக்க முடியல. "சரிங்கா"ன்னேன். வளைகாப்புல அவங்களும் போய் வளையல் போட்டு விடுவாங்க. எந்தப் பக்கம் நிப்பீங்கன்னு கேக்கணும்னு போன வச்சப்புறம்தான் தோணுச்சு. திரும்ப கூப்பிட்டு கேக்கலாம், இன்னும் கேக்கல.